ஒவ்வாத உணவும் நம்மீதுள்ள அமானிதமும்

   

விருந்தோம்பலின் சிறப்பைப் பற்றி இந்த ஒலிவாங்கியின் முன்னால் நான் பல தடவைகள் பேசியிருக்கிறேன். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு தொடர்புடைய காரியம் என்பதை நீங்களும் அறிவீர்கள். இன்று அதே விருந்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால், நான் செய்த ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நோன்புப் பெருநாள் தினம். தொழுகை முடிந்ததும் என்னிடம் ஓதும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் உம்மம்மாவுடைய வீட்டில் எல்லோருக்கும் வட்டிலாப்பம் பரிமாறப்பட்டது. 8 வயதான அந்தப் பிள்ளையின் கையில் மட்டும் ஒரு வாழைப்பழம் இருந்தது. ஏன் என்று கேட்டேன். கதவருகே நின்ற அவனது உம்மா, “மகனுக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது ஹஸ்ரத்” என்று தயக்கத்தோடு சொன்னார். நான் சிரித்தேன். “பெருநாளில் வட்டிலாப்பம் சாப்பிடாத பிள்ளையும் உண்டா? கஜுவை எடுத்துவிட்டால் சரிதானே” என்று கூறி, மேலே கிடந்த கஜுத் துண்டுகளைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, “பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கள் மகன், ஒன்றும் ஆகாது” என்று ஒரு வாய் ஊட்டினேன். அவன் முதலில் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். ஹஸ்ரத் சொல்லும்போது உம்மா எப்படி மறுப்பார்? அவன் வாயைத் திறந்தான்.

ஐந்து நிமிடங்கள் சென்றிருக்காது. தொண்டை கடிக்கிறது என்றான். உதடுகள் வீங்கின. கழுத்திலும் மார்பிலும் தடிப்புகள் எழுந்தன. வாந்தி எடுத்தான், இருமினான், மூச்சு விசில் போலச் சத்தமிட்டது. முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் அவன் முகத்தில் இரத்தம் திரும்பியதைக் கண்டேன். அல்ஹம்துலில்லாஹ். அன்றிரவு அவனை விடுதியிலேயே வைத்திருந்தார்கள்.

“தெரிந்துகொண்டே ஏன் கொடுத்தீர்கள்?” என்று வைத்தியர் அந்த உம்மாவிடம் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பெயரைச் சொல்லவில்லை. “நான்தான் கொடுத்தேன்” என்று நானே முன்னால் வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

நேயர்களே! அன்றிரவு என் நினைவுக்கு வந்தது ஒரு ஹதீஸ். அதை நான் பல வகுப்புகளில் கற்பித்திருக்கிறேன். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் இடம்பெற்றுள்ள அச்சம்பவம் இதுதான். ஒரு பிரயாணத்தில் ஒருவருடைய தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், அதனால் மரணித்தார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றது அந்தத் தோழர்களே என்று சொல்லுமளவுக்குக் கோபமடைந்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்று கண்டித்தார்கள். அவர்கள் தீய நோக்கத்தோடு சொன்னவர்களா? மார்க்கப் பற்றோடு சொன்னவர்கள். நானும் அன்போடுதான் ஊட்டினேன். இதைத் தயம்முமின் சட்டமாக மட்டுமே கற்பித்து வந்திருந்தேன். அந்தத் தோழர்களின் இடத்தில் நானும் நிற்கக்கூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒவ்வாமை என்றால் என்ன? அல்லாஹ் நம் உடலுக்குள் நிர்ப்பீடனத் தொகுதி என்ற ஒரு காவலை வைத்திருக்கிறான். கிருமிகளை எதிர்ப்பதே அதன் வேலை. சிலருடைய உடலில் இக்காவல், தீங்கில்லாத ஓர் உணவிலுள்ள புரதத்தையே பகைவன் என்று எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. அப்போது வெளியாகும் இரசாயனப் பொருள்களால் தோல் தடிக்கிறது, உதடு வீங்குகிறது, சுவாசக் குழாய் சுருங்குகிறது, குருதியமுக்கம் வீழ்கிறது. பசுப்பால், முட்டை, கச்சான், கஜு போன்ற கொட்டைகள், மீன், இறால், நண்டு, கோதுமை, சோயா, எள் ஆகியவையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. பசுப்பால் ஒவ்வாத பிள்ளைகளில் சிலருக்கு மாட்டிறைச்சியும் ஒவ்வாது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி வீடு வீடாகச் செல்லும் நம் சமூகத்தில் இது தெரிந்திருக்க வேண்டிய விடயமாகும்.

பால் குடித்தால் வயிறு ஊதுவதும் வயிற்றோட்டம் ஏற்படுவதும் வேறு. அதனால் சிரமம் உண்டு, ஆனால் மூச்சு அடைபடுவதில்லை. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் “ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவரும் அதை ஒரு பிடிக்காத உணவைப் போல எடுத்துக்கொள்கிறார். நான் செய்ததும் அதுதான். ஆகவே, தாய்மார்களே, உங்கள் பிள்ளையின் நிலை ஒவ்வாமையாயின், “இதைச் சாப்பிட்டால் மூச்சு நின்றுவிடும்” என்றே சொல்லுங்கள். அவ்வாறு சொல்வது மரியாதைக் குறைவாகாது.

மூத்தவர்கள் சிலர் இதனைக் கிரந்தி என்று தள்ளிவிடுவார்கள். வேறு சிலர் கண்ணூறு என்பார்கள். கண்ணூறு உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதையும் யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருந்து செய்துகொள்ளும்படி ஏவியதும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தோலிலும் இரத்தத்திலும் செய்யக்கூடிய பரிசோதனைகள் இருக்கின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று பாலையும் முட்டையையும் மீனையும் ஒன்றாக நிறுத்திப் பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுத்துவிடாதீர்கள். பாலும் முட்டையும் ஒவ்வாத குழந்தைகளில் பலர் வளரும்போது அதிலிருந்து விடுபடுகிறார்கள். கச்சான், கஜு, மீன், இறால் போன்றவை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன.

பச்சிளம் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கச்சானைப் பல ஆண்டுகள் கண்ணில் காட்டாமல் வளர்த்தால் ஒவ்வாமை வராது என்று முன்னர் வைத்தியர்களே கருதிய காலமுண்டு. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 640 குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு வெளியானபோது அக்கருத்து தலைகீழாகியது. 4 முதல் 11 மாத வயதிலேயே கச்சான் உணவை உண்ணத் தொடங்கிய குழந்தைகளில் கச்சான் ஒவ்வாமை மிகவும் குறைவாகவே காணப்பட்டது. என்றாலும் கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு வைத்தியரின் ஆலோசனையின்றி இதனைச் செய்துபார்க்க வேண்டாம். முழுக் கச்சானைக் குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

இனி நம் விருந்துக்கு வருவோம். அன்னை மைமூனா (ரலி) அவர்களுடைய வீட்டில் நடந்த ஒரு சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சுட்ட உடும்பு போன்ற ஒரு பிராணியின் இறைச்சி நபி (ஸல்) அவர்களின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கையை நீட்டியபோது, அங்கிருந்த பெண்களில் ஒருவர், இது என்ன உணவென்று அல்லாஹ்வின் தூதருக்குச் சொல்லுங்கள் என்றார். சொல்லப்பட்டதும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, எனது சமூகத்தார் வாழும் பூமியில் அது இருக்கவில்லை, ஆகவே மனம் ஏற்கவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஹதீஸின் இடையே அறிவிப்பாளர் சொல்லும் ஒரு செய்தியை நாம் கவனிப்பதில்லை. ஓர் உணவு இன்னதென்று பெயர் சொல்லப்படும் வரை நபி (ஸல்) அவர்கள் அதில் கை வைப்பது அரிது என்கிறார் அவர். சிந்தியுங்கள்! உணவில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உம்மாவை, “பெரிய கெடுபிடிக்காரி” என்று நம் வீடுகளில் பேசுகிறார்கள். கேட்டு உண்பது நபிவழி. கேட்காமலே முன்வந்து சொன்ன அந்தப் பெண்ணின் செயல் விருந்து கொடுப்போருக்கு வழிகாட்டி. விரும்பியதை உண்டவரும் விரும்பாததை விட்டவரும் ஒரே விரிப்பில் மனக்கசப்பின்றி அமர்ந்திருந்தார்கள். அங்கே காரணம் மனம் ஏற்காமை மட்டும்தான். அதற்கே அந்த மரியாதை என்றால், உயிர் போகும் காரணத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும்!

நோயைக் கருதி உணவைத் தவிர்ப்பதற்கும் சான்று உண்டு. உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் அலி (ரலி) அவர்களோடு வந்தார்கள். அலி (ரலி) அப்போதுதான் நோயிலிருந்து தேறிவந்தார்கள். தொங்கிய பேரீச்சங்குலையிலிருந்து அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, நீர் இன்னும் தேறவில்லை என்று நபியவர்கள் தடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்மணி வாற்கோதுமையும் கீரையும் சமைத்து வைத்தபோது, இது உமக்கு ஏற்றது என்று அதிலிருந்து உண்ணச் சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை அவ்வளவு சிறப்பித்தவர்களே, ஒருவருக்கு அது தீங்காகும் நேரத்தில் கையைத் தடுத்தார்கள்.

நம்மில் பல ஊர்களில் கல்யாண வீடுகளில் ஸஹன் வைத்து உண்ணும் வழக்கம் இருக்கிறது. கூடி உண்பதில் பரக்கத் உண்டு. ஆனால் ஒரே ஸஹனில் பல கைகள் கோழியையும் கஜுவையும் முட்டையையும் புரட்டிய பிறகு, ஒவ்வாமையுள்ள பிள்ளைக்குப் பாதுகாப்பான ஒரு மூலை அதில் மிஞ்சுவதில்லை. தனிக் கோப்பை கேட்டால், “ஏன், எங்களோடு சாப்பிட வெட்கமா?” என்று கேலி வருகிறது. சூரா அந்நூரின் 61ஆவது வசனத்தை ஓதிப் பாருங்கள். பார்வையற்றவர், ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர்மீது குற்றமில்லை என்று தொடங்கும் அந்த வசனம், சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று இரண்டுக்கும் அனுமதி தருகிறது. தம்மால் மற்றவர்களுக்குச் சங்கடம் என்று நோயாளிகள் விருந்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் தயக்கத்தை நீக்கவே இது இறங்கியது என்று விரிவுரையாளர்கள் சிலர் கூறுகின்றனர். எனவே, ஸஹனில் கை படுமுன் சுத்தமான கரண்டியால் ஒரு கோப்பையில் எடுத்து, அந்தப் பிள்ளையை அதே விரிப்பில் அமர்த்துங்கள். அதைப் பற்றி வேறு பேச்சு வேண்டாம்.

உணவு மறைந்திருக்கும் இடங்கள் பல. மீன் ஒவ்வாதவருக்கு மீன்கறி ஆபத்தில்லை, கண்ணுக்குத் தெரிவதால் விலகிவிடுவார். சம்பலில் இடித்துப் போட்ட மாசி கண்ணுக்குத் தெரியாது. இறால் வடை பொரித்த அதே எண்ணெயில் பருப்பு வடையும் பொரிகிறது. பலூடாவில் பால், எள்ளுருண்டை உருட்டிய கையாலேயே அடுத்த பலகாரம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்றைய கஞ்சியில் மாட்டிறைச்சியா கோழியா, வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? சுண்ணக்கட்டிச் செலவு மட்டும்தான்.

இதில் நமக்கு ஏற்கெனவே ஒரு பயிற்சியும் இருக்கிறது. பிஸ்கட் பொதியைத் திருப்பி, ஜெலட்டின் இருக்கிறதா, ஈ 471 இருக்கிறதா என்று சிற்றெழுத்தைத் தேடும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கே உண்டு. அதே கண்ணால் பாற்பொருளையும் தேடலாம். கேசீன் என்றும் வே என்றும் எழுதியிருப்பவை பாலின் பகுதிகளே. ஹலால் இலச்சினை ஓர் உணவு ஆகுமானதா என்று சொல்லும். உங்கள் பிள்ளைக்கு ஆபத்தா என்று அது சொல்லாது.

அடுத்து, ஆபத்து வந்தால் செய்ய வேண்டியது. தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கரகரப்பு, தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்க வேண்டாம். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் என்ற ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுவது அது. வீட்டிலுள்ள ஒவ்வாமை மாத்திரையும் பாணி மருந்தும் அரிப்பைக் குறைக்கும், அடைபடும் மூச்சைத் திறக்காது. தாமே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனாக்கள் மேலை நாடுகளில் பரவலாக இருந்தாலும் நம் நாட்டில் எளிதிற் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். ஆகவே நமக்கு நேரமே மருந்து. 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசமானது. அல்லது நேராக அருகிலுள்ள வைத்தியசாலைக்கு விரையுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து அமர்த்துங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். குணமானது போலத் தோன்றிய பின்னும் சில மணி நேரத்தில் மீண்டும் வரக்கூடும், எனவே வைத்தியர் விடும் வரை வீட்டுக்கு அவசரப்படாதீர்கள். சென்ற முறை தடிப்போடு போனது இம்முறையும் அப்படியே போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நோன்பு நோற்றிருப்பவருக்கு இந்நிலை ஏற்பட்டால், மருந்தைத் தாமதப்படுத்த அனுமதியே கிடையாது. நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் கழாச் செய்துகொள்ளலாம்.

பாடசாலைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். வகுப்பாசிரியருக்கும் குர்ஆன் மத்ரஸா உஸ்தாதுக்கும் தெரியட்டும். பிள்ளையின் பையில் ஒரு சிறு அட்டை இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், ஏனெனில் வெளியூரில் பேக்கரிக்காரரோ தாதியோ எந்த மொழி பேசுவார் என்று சொல்ல முடியாது. பகிர்ந்து உண்ணும்படி நாம்தான் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு மட்டும், “வாங்காதே, கொடுக்காதே” என்று சொல்ல வேண்டியிருப்பது ஓர் உம்மாவுக்கு எவ்வளவு பாரம் என்பதை மற்ற உம்மாமார் உணர வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்புவதற்குப் பதிலாக ஒரு பென்சில் பெட்டி அனுப்பினால் அந்த உம்மா எத்தனை துஆச் செய்வார்!

இளைஞர்களே! உணவு ஒவ்வாமையால் உயிரிழப்போரில் வளரிளம் பருவத்தினரும் இளைஞர்களும் குறிப்பிடத்தக்க அளவினர். காரணம் விளங்கக் கடினமானதன்று. நண்பர்களோடு இரவில் கடைக்குச் சென்றால் கேட்க வெட்கம். மருந்தைச் சுமக்க வெட்கம். அந்த வெட்கம் ஈமானைச் சேர்ந்த வெட்கமன்று. உங்கள் நண்பன் கேட்கத் தயங்கினால், நீங்கள் கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாமல் உணவில் கலந்து சோதித்துப் பார்ப்பது விளையாட்டாகாது. அடுத்தவனுக்குத் தெரிந்தே தீங்கிழைப்பதாகும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோரிடம் மனம் திறந்து ஒன்று சொல்கிறேன். கல்யாணப் பேச்சு தடைப்படும் என்று மகளின் ஒவ்வாமையை மறைக்கும் வீடுகளை நான் அறிவேன். புகுந்த வீட்டில் முதல் வாரமே மாமி அன்போடு ஊட்டும் இறால் கறியை அவள் எப்படி மறுப்பாள்? மறைத்து முடிக்கும் நிக்காஹ், அந்தப் பிள்ளையின் உயிரை ஊமையாக்கிவிடுகிறது. கேட்டுவிட்டுப் பின்வாங்கும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கட்டும்.

இவ்வளவு எச்சரிக்கை தவக்குலுக்கு முரண் இல்லையா என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். கொள்ளைநோய் பரவியிருந்த ஷாமுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் பதில். கஜு இல்லாத கோப்பையும் அல்லாஹ்வின் விதியில் உள்ளதுதானே!

அடுத்த பெருநாளும் வந்தது. அதே வீட்டுக்குப் போக எனக்குக் கால் கூசியது; அழைத்தார்கள், போனேன். உம்மம்மா தட்டைக் கொண்டுவந்து வைக்குமுன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம். கஜு போடவில்லை.” அந்தப் பிள்ளை உடனே கையை நீட்டவில்லை. “அவித்த சட்டி எது உம்மம்மா?” என்று கேட்டான். “புதுச் சட்டி மகன், கஜு பட்டதே இல்லை” என்றார் அவர். அவன் உம்மாவைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிஸ்மி சொல்லி இரண்டு துண்டுகள் சாப்பிட்டான்.